மரை கழண்ட மோகம்

கார்ல வேகம் ஏத்துறதுக்கு ஆயிரம் பேர் ஐடியா குடுப்பாங்க. நிறுத்துறதைப் பத்திக் கேட்டா, "காலிபருக்கு சிவப்பு பெயிண்ட் அடிச்சிரு மச்சி"ன்னு முடிச்சிருவாங்க. அந்தக் கூட்டத்துக்கு இப்போ புதுசா பிடிச்சிருக்கிற பைத்தியம், பிரேக் நிப்பிள். ஆமாங்க, பிரேக்ல ஏர் எடுக்க மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரை வெச்சுத் தளர்த்துவாரே, ரப்பர் தொப்பி போட்ட சின்னத் திருகு, அதேதான். கம்பெனி போட்டதைக் கழட்டி எறிஞ்சிட்டு நீலம், ஊதா, தங்கக் கலர்ல ஒண்ணை மாட்டி, போட்டோ புடிச்சுப் போட்டு, "பிரேக் அப்கிரேடு முடிஞ்சுது"ன்னு பெருமை வேற.

என் கட்சியை முதல்லயே சொல்லிடுறேன். ரோட்ல ஓடுற காருக்கு இது வேண்டாத செலவு. அளவு பாக்காம மாட்டினா ஆபத்து. அந்தக் காசுக்கு பிரேக் ஆயிலை மாத்துங்க.

"பி.காம். படிக்கிறவனுக்கு ஏண்டா ஸ்பேனர் வேலை"ன்னு கேப்பீங்க. செலவுக்கும் வீண் செலவுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கத்தானே மூணு வருஷம் எங்களை உக்கார வெச்சுப் பாடம் நடத்துறாங்க? அந்தக் கணக்கைத்தான் இங்கயும் போடப்போறேன்.

முதல்ல அந்தத் திருகு என்ன பண்ணுதுன்னு பாப்போம். நடுவுல ஓட்டை, நுனிக்குப் பக்கத்துல குறுக்கே ஒரு துளை, நுனி கூம்பு மாதிரி. இறுக்கினா அந்தக் கூம்பு காலிபருக்குள்ள இருக்கிற சரிவுல போய் உக்காந்து வழியை அடைச்சிடும். கால் சுத்து தளர்த்தினா ஆயிலும் காத்தும் வெளியே வரும். அம்புட்டுதான். அடைக்கிற வேலை பூரா கூம்போடது, மரையோடது இல்லை. இதை மட்டும் மனசுல வெச்சுக்கங்க. ஒழுகுற நிப்பிளுக்கு டெஃப்லான் டேப் சுத்துற புத்திசாலிகளைப் பாத்தா உங்களுக்கே சிரிப்பு வரும்.

டயர்ல நாம அடிக்கிற காத்து ரெண்டு சொச்சம் பார். பிரேக்கை வெறித்தனமா மிதிச்சா லைனுக்குள்ள 100 பார் வரைக்கும் கூட ஏறும். அவ்வளவு அழுத்தத்தையும் அந்தச் சுண்டுவிரல் சைஸ் திருகோட நுனி தாங்கணும். நம்மூரு சின்னக் கார்கள்ல வழக்கமா ஒரு முன் சக்கரமும் அதுக்குக் குறுக்கே இருக்கிற பின் சக்கரமும் ஒரு சர்க்யூட். ஒரு நிப்பிள் கைவிட்டா பாதி பிரேக் அவுட். இப்போ சொல்லுங்க, இது அலங்காரம் பண்ற இடமா?

இனி எதிர்க்கட்சி வாதங்களுக்கு வருவோம்.

ஒண்ணு, "டைட்டானியம்டா, எடை குறையும்". சரி, ஒரு எஃகு நிப்பிள் 10 கிராம்னு வெச்சுக்குவோம். அதே அளவு டைட்டானியத்தோட எடை எஃகைவிட நாப்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல கம்மி. நாலு சக்கரத்துக்கும் சேர்த்து மிச்சம் 17 கிராம். கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு வாய் தண்ணி கம்மியா குடிச்சா அந்தக் கணக்கு சரியாப் போச்சு. இதுல டைட்டானியம்னு நெனச்சு சாயம் ஏத்தின அலுமினியத்தை வாங்கிட்டு வர்றவங்க வேற இருக்காங்க. அது இன்னும் மோசம். வெப்பமும் அழுத்தமும் இருக்கிற இடத்துல, நடுவுல ஓட்டை போட்ட மெல்லிசு அலுமினியத் திருகு முறிஞ்சு உள்ளயே தங்கிடுச்சுன்னா, நிப்பிளோட காலிபரும் போச்சு.

ரெண்டு, "ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது". திருகு துருப்பிடிக்காது, சரி. உயர்ரக கார்கள்ல வர்ற அலுமினிய காலிபருக்கு என்ன ஆகும்? அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் ஒட்டி இருக்கிற இடத்துல உப்புத் தண்ணி பட்டா, அரிக்கப்படுறது அலுமினியம்தான். ஈசிஆர்ல வாராவாரம் கடல் காத்துல கார் ஓட்டுறவங்க யோசிங்க. திருகு பொழைச்சுக்கும், காலிபரோட மரை செத்துப்போகும். தேயணும்னா மலிவான பொருள் தேயட்டும், விலை கூடுன பொருள் பொழைக்கட்டும். இது இன்ஜினியரிங்கோ இல்லையோ, கண்டிப்பா காமர்ஸ்.

மூணு, "உள்ளயே வால்வு இருக்கு, ஒரே ஆளா ஏர் எடுக்கலாம்". இந்த வாதத்துல மட்டும் சத்து இருக்கு, மறுக்கல. உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் குண்டும் இருக்கும், மரையில பசை தடவி வரும். பெடலை விடும்போது காத்து திரும்ப உள்ளே போகாது. இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கும் கோவை கரி ஸ்பீடுவேக்கும் அடிக்கடி காரை எடுத்துட்டுப் போய், ஒவ்வொரு தடவையும் ஏர் எடுக்கிறவங்க வாங்கிக்கட்டும். ஆனா அந்தக் குண்டுல ஒரு தூசி மாட்டினா வால்வு முழுசா மூடாது, காத்து உள்ளே போயிடும். அதே வால்வை வெளியே ட்யூப்ல வெச்ச பாட்டில் கடையில கிடைக்குது. காலிபர்ல கையே வைக்க வேணாம். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஏர் எடுக்கிற ஆளுக்கு அது போதும். அதுவும் வேணாமா? பெடல் மிதிக்க ஒரு ஃபிரண்டைக் கூப்பிடுங்க, ஒரு டீ செலவோட முடிஞ்சுது.

சரி, உங்க நிப்பிள் நெசமாவே தேஞ்சு போச்சு, மாத்தியே ஆகணும்னா? கம்பெனி உதிரி பாகத்தையே கேளுங்க. வெளிய வாங்கினா மரையோட விட்டம், பிட்ச், நீளம், கூம்போட சரிவு நாலும் பொருந்தணும். எம் 8 - 1.25, எம் 10 - 1.0, எம் 7 - 1.0, எம் 10 - 1.5ன்னு பல அளவு உலகத்துல சுத்துது. 10க்கு 10தானேன்னு பிட்ச் மாறினதைத் திணிச்சா மரை போச்சு. கையால பிடிச்சுச் சுத்துங்க, சுலபமா இறங்கணும். முதல் சுத்துலயே ஸ்பேனர் கேட்டா அது உங்க காருக்கான திருகு இல்லை.

மாட்டும்போது ஒரு சக்கரம் முடிச்சிட்டு அடுத்தது. ஆயில் டப்பா காலியாக விடாதீங்க, ஏபிஎஸ்ஸுக்குள்ள காத்து போயிட்டா பல கார்கள்ல ஸ்கேனர் இல்லாம வெளியே எடுக்க முடியாது. ஆறு பட்டைக்கும் பிடிமானம் குடுக்கிற ரிங் ஸ்பேனர்தான், ஓப்பன் ஸ்பேனர் வேணாம். எவ்வளவு இறுக்கணும்கிறது சர்வீஸ் புக்ல இருக்கும். பல கார்களுக்கு 10 நியூட்டன் மீட்டருக்கு அக்கம்பக்கம்தான், அதாவது 20 சென்டிமீட்டர் ஸ்பேனர் நுனியில 5 கிலோ தொங்கினா வர்ற பலம். வீல் நட்டை இறுக்கிறதுல பத்துல ஒரு பங்கு. முடிச்சதும் இன்ஜினை ஓட விட்டு பெடலை நல்லா அழுத்திப் பிடிச்சு, நாலு நிப்பிளும் காஞ்சு இருக்கான்னு பாருங்க. காலிபரைக் கழட்டி இருந்தா நிப்பிள் மேல் பக்கம் வருதான்னும் பாருங்க. இடம் வலம் மாறி நிப்பிள் கீழே போயிட்டா, காத்து மேலயே உக்காந்துக்கும். நாள் பூரா மிதிச்சாலும் வெளியே வராது.

இப்போ என் கணக்கு. டாட் 4 பிரேக் ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்காம இருக்கணும்கிறது தர நிர்ணயம். அது காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கிற சாதி. 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா, 155 டிகிரி தாங்கினாலே பாஸ். அதாவது 75 டிகிரி காணாமப் போச்சு. கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு. பிரேக்ல கால் வெச்சுக்கிட்டே இறங்கினீங்கன்னா டிஸ்க் கொதிக்கும், ஆயில் கொதிக்கும், லைன்ல ஆவி நிறையும், பெடல் தரையைத் தொடும். அந்த நேரத்துல ஊதாக் கலர் நிப்பிள் வந்து காப்பாத்துமா? ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாத்தச் சொல்லி பல கம்பெனிகள் கையேட்டுலயே எழுதியிருக்காங்க. அதைப் படிக்க நேரமில்லை, திருகுக்குக் கலர் பாக்க நேரமிருக்கு.

கடைசியா நம்ம பாடத்துல இருந்து ஒண்ணு. 1930 சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16. பொருள் நல்லதா கெட்டதான்னு பாக்க வேண்டியது பொதுவா வாங்குறவன் தலையெழுத்து. எதுக்கு வாங்குறேன்னு சொல்லி, கடைக்காரரோட அனுபவத்தை நம்பி வாங்கினா அவர் பொறுப்பாகிறார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல பொருளால வர்ற பாதிப்புக்கு யார் பொறுப்புன்னு தனி அத்தியாயமே இருக்கு. எல்லாம் சரி. பில் இல்லாம, தயாரிச்சவன் பேர் இல்லாம, என்ன உலோகம்னே போடாத பாக்கெட்ல வாங்கிட்டு யாரைப் பிடிச்சுக் கேப்பீங்க?

உங்க கார், உங்க காசு, உங்க ரசனைன்னு சண்டைக்கு வராதீங்க. சீட் கவர் உங்க ரசனை. ஸ்டிக்கர் உங்க ரசனை. பிரேக் அப்படி இல்லை. முன்னாடி ஸ்கூட்டில புள்ளையை உக்கார வெச்சுட்டுப் போற அக்காவுக்கும் அதுல பங்கு இருக்கு. பின் சீட்ல ஓசியில வர்ற எனக்கும்தான். அடுத்த தடவை ஏறும்போது "நிப்பிள் என்ன கலர்"னு கேக்க மாட்டேன். "ஆயில் எப்போ மாத்தின"ன்னுதான் கேப்பேன். பதில் வரலைன்னா எனக்கு டவுன் பஸ் இருக்கு.