இரண்டு டின், ஒரு ஓவன்

இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு மீன் ஆயப் பொறுமை ஏது? ராஜ்மா ஊறவைக்க நேரம் ஏது? இரண்டுமே டின்னில் கிடைக்கின்றன. டின் மீன் என்றால் வெள்ளைக்காரச் சமாச்சாரம் என்று முகம் சுளிக்க வேண்டாம். லட்சத்தீவின் மினிக்காயில் சூரை மீனை டின்னில் அடைக்கத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன.

ஒரு டின் சூரையை எண்ணெய் வடித்து உதிர்த்துக்கொள்ளுங்கள். ஒரு டின் ராஜ்மாவைக் குழாய் நீரில் அலசுங்கள். உப்பில் ஒரு பகுதி கழுவிப் போய்விடும். வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், 2 தக்காளி ஆகியவற்றை வதக்கி, இரண்டையும் சேர்த்து, ஓவனுக்கான கண்ணாடிப் பாத்திரத்தில் பரப்புங்கள். மேலே ரொட்டித் தூளும் துருவிய சீஸும் தூவி, சூடேற்றிய ஓவனில் 180 டிகிரி, 20 நிமிடம். மேல்பகுதி சிவந்தால் போதும். உப்பு வேண்டாம், மீனிலும் சீஸிலும் இருப்பதே தாராளம். எலுமிச்சை பிழிய மறக்காதீர்கள், டின் வாடையை அடக்குவது அதுதான்.

சிக்கனம் கருதிக் காய்ந்த ராஜ்மா வாங்குகிறவர்கள் கவனிக்க: ஊறவைத்ததை நேராக ஓவனில் வைப்பது ஆபத்து. அதிலுள்ள லெக்டின் என்ற நச்சு நன்றாகக் கொதித்தால்தான் அழியும். அரைவேக்காடு வாந்தியில் கொண்டுபோய் விடும். முதலில் குக்கரில் குழைய வேகட்டும். உப்பிய டின்னையோ முகர்ந்துகூடப் பார்க்காமல் அப்படியே எறிந்துவிடுங்கள்.

மிஞ்சியதை டின்னில் வைக்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் சூடாக்கிச் சப்பாத்தியில் சுருட்டிச் சாப்பிடலாம்.