வலி இல்லாவிட்டால் பல் நலமா?

பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் மூத்த பெண்களிடம் பல்லைப் பற்றிக் கேட்டால், "அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். வலி இல்லையென்றால் நலம் என்பது அவர்கள் கணக்கு. ஈறுநோயோ பெரும்பாலும் வலிக்காமலே எலும்பைக் கரைக்கும். சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் வேகமாக. முறுக்கை விட்டுவிட்டு, வெற்றிலையை இடித்துப் போட்டு, சோற்றைக் குழைத்து உண்ணப் பழகியபின், வயதானால் பல் போகத்தானே செய்யும் என்கிறார்கள். போயே தீர வேண்டும் என்பதில்லை.

1990இல் அமெரிக்காவில் உருவான முதியோர் வாய்நலக் கேள்வித்தாள் மெல்லுதல், விழுங்குதல், பிறர்முன் உண்ணும் கூச்சம் எல்லாவற்றையும் விசாரிக்கிறது. 2021 முதல் வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்களும் ஒவ்வொரு முறையும் இவற்றைக் கேட்கட்டும். வாயைத் திறந்து பார்க்கட்டும். ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ தெரிந்தால் தாமதமின்றி அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஏழை முதியோருக்குப் பல்செட் ஊரிலேயே இலவசமாகக் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும்.