பூ தேயாத டயரை நம்பலாமா?

மாணவர்களே, சிறிய டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் டிரெய்லரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செம்பனைத் தோட்டத்தில் பழக்குலை ஏற்றவும், திடலில் வெட்டிய புல்லை அள்ளவும் அது உதவுகிறது. அதன் டயர் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், பலரும் பூவைத்தான் பார்ப்பார்கள். அது போதாது என்பதே என் கருத்து.

காரின் டயர் ஓடித் தேய்கிறது. டிரெய்லரின் டயரோ பெரும்பாலும் நின்றபடியே மூப்படைகிறது. காற்று மெல்லக் கசிவதை யாரும் கவனிப்பதில்லை.

இதன் விளைவை ஒரு கணக்கால் பார்ப்போம். ஒரு சக்கரம் 1,500 நியூட்டன் சுமையைத் தாங்குகிறது என வைத்துக்கொள்வோம். டயருக்குள் காற்றழுத்தம் 150 கிலோபாஸ்கல் என்றால், அது தரையில் பதியும் பரப்பு ஏறக்குறைய 100 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் பாதியானால் பரப்பு இரு மடங்காக வேண்டும். அதனால் டயர் சப்பையாகி, அதன் பக்கச்சுவர் பிதுங்குகிறது.

பிதுங்கிய இடத்தில் ரப்பர் இழுபட்டே இருக்கும். ஆபத்து அங்குதான். 1839-இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரை உறுதியாக்கும் வழியைக் கண்டார். ஆனாலும் அதன் மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் பல மிஞ்சுகின்றன. காற்றில் சிறிதளவே உள்ள ஓசோன் வாயு அவற்றைத் துண்டிக்கிறது. இழுபட்ட ரப்பரில் அது வெடிப்பாக விரிகிறது. பூ புதிதாகத் தெரியும், பக்கச்சுவரோ பலமிழந்திருக்கும். சுமையோடு சரிவில் இறங்கும்போது அது கிழிந்தால், வண்டியே கவிழலாம்.

வெடித்த பக்கச்சுவரை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியாது. உள்ளே டியூப் போட்டாலும் காற்றுதான் நிற்கும், பலம் திரும்பாது. மாற்றுவதே சரி. அதிகமாகக் காற்றடிப்பதும் தீர்வன்று. சிறிய டயரின் கொள்ளளவு குறைவு. எண்ணெய் நிலையத்துக் கருவியில் அழுத்தம் நொடிகளில் எல்லை மீறிவிடும். டயரில் எழுதியுள்ள அளவைத் தாண்டக்கூடாது. நெடுநாள் நிறுத்தும் டிரெய்லரைக் கட்டைமேல் ஏற்றி, வெயில் படாமல் மூடி வைப்பது நல்லது.

1925-இல் தொடங்கப்பட்ட ரப்பர் ஆய்வுக் கழகம் நம் ஜாலான் அம்பாங்கில்தான் பல்லாண்டுகள் இயங்கியது. நம் முன்னோர் பலர் மரம் சீவிப் பாலெடுத்தவர்கள். அந்த ரப்பரின் குணத்தை நாம் அறியாமல் இருக்கலாமா?

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு ரப்பர் வளையத்தை அடிக்கோலில் இழுத்து மாட்டுங்கள். இன்னொன்றை இழுக்காமல் அருகில் வையுங்கள். இரண்டையும் வெளியில் நிழலில் சில வாரங்கள் விடுங்கள். எது முதலில் வெடிக்கிறது என்று பார்த்தபின், பள்ளியிலோ கோயிலிலோ நிற்கும் டிரெய்லரின் பக்கச்சுவரைக் குனிந்து பாருங்கள். வெடிப்பு இருந்தால் பெரியவர்களிடம் உடனே சொல்லுங்கள்.