கருவி செய்தவருக்கும் ஒரு வணக்கம்



இந்த இதழின் நடுப்பக்கத்தில் ஒரு வானப் படம் அச்சிட்டிருக்கிறோம். முதலில் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு இங்கே வாருங்கள். நடுவில் அருகருகே இரண்டு ஒளி முடிச்சுகள் தெரியும். சுற்றிலும் பொடிப் பொடியாய்ப் புள்ளிகள். என்ஜிசி 6240 என்பது அதன் பட்டியல் பெயர். விருச்சிகத்துக்கு வடக்கே, ஒபியூக்கஸ் என்ற விண்மீன் குழுவின் திசையில், ஏறத்தாழ 40 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. இரண்டு கேலக்ஸிகள் மோதி ஒன்றாகிக்கொண்டிருக்கும் இடம் அது. அந்த முடிச்சுகள் இரண்டும் பழைய கேலக்ஸிகளின் மையங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ராட்சதக் கருந்துளை உட்கார்ந்திருக்கிறது.

பக்கம் வடிவமைத்தபோது எங்கள் அலுவலகத்தில் படத்தைப் பார்த்த எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "ஹப்பிள் விண்தொலைநோக்கி எடுத்ததா?" இல்லை. ஹவாயின் மவுனா கேயா மலையுச்சியில், 4,000 மீட்டருக்கும் மேலே, தரையில் நிற்கும் கெக் தொலைநோக்கி எடுத்தது. காற்றுக்கு அடியில் இருந்துகொண்டு இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடிந்தது எப்படி என்பதையும், அதற்காக வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்த ஒருவரைப் பற்றியும் இந்த மாதம் உங்களோடு பேச ஆசைப்படுகிறேன்.

சித்திரை வெயிலில் தார்ச்சாலையைப் பார்த்தால் தூரத்தில் வரும் பேருந்து நெளியும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து புரளும் இடத்தில் ஒளி ஆங்காங்கே ஒவ்வொரு விதமாக வளைவதுதான் காரணம். இரவு வானத்திலும் நடப்பது அதேதான். 40 கோடி ஆண்டுகள் பழுதில்லாமல் வந்த ஒளி, பூமியின் காற்றுக்குள் நுழைந்து தொலைநோக்கியைத் தொடும் கடைசிச் சில கிலோமீட்டரில் கசங்கிப்போகிறது. கெக்கின் ஆடி 10 மீட்டர் அகலம். 36 அறுகோணத் துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. ஆனாலும் காற்றின் கோளாறைச் சரிசெய்யாவிட்டால், அது காட்டும் நுணுக்கம் ஆர்வலர்கள் மொட்டைமாடியில் வைத்திருக்கும் 20 சென்டிமீட்டர் தொலைநோக்கி காட்டுவதைவிடப் பெரிதாக மேம்பட்டிருக்காது. ஆடி பெரிதாக இருந்தால் வெளிச்சம் அதிகம் சேரும், அவ்வளவுதான்.

நியூட்டனுக்கே இது தெரிந்திருந்தது. 1704இல் வெளிவந்த ஒளியியல் நூலில், காற்றின் இந்த நடுக்கத்துக்கு உயர்ந்த மலையுச்சிகளின் அமைதியான காற்றைத் தேடிப் போவதைத் தவிர வேறு பரிகாரம் இல்லை என்று அவர் எழுதியிருந்தார். அடுத்த 250 ஆண்டுகள் வானியலாளர்கள் மலையேறினார்கள். 1953இல்தான் ஹொரேஸ் பாப்காக் என்ற அமெரிக்கர் வேறொரு வழியைச் சொன்னார்: கசங்கலை அந்தந்தக் கணமே அளந்து, அதற்கு நேர் எதிராக ஆடியை வளைத்துவிட்டால் என்ன? யோசனை சரி, ஆனால் அந்த வேகத்தில் அளக்கவும் கணக்குப் போடவும் அன்று கருவி கிடையாது.

இன்று கெக்கில் அது நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். வந்துசேரும் ஒளியில் ஒரு பகுதியைப் பிரித்து, குட்டிக் குட்டி வில்லைகள் வழியே அனுப்புகிறார்கள். ஒவ்வொரு வில்லையும் ஒரு புள்ளியை உண்டாக்கும். காற்று அமைதியாக இருந்தால் புள்ளிகள் வரிசை பிசகாமல் நிற்கும். புரண்டால் ஒவ்வொன்றும் தன் இடத்தை விட்டுச் சற்று நகரும். எது எவ்வளவு நகர்ந்தது என்பதிலிருந்து, ஒளியலை எங்கே எந்த அளவுக்குக் கசங்கியிருக்கிறது என்று கணினி கண்டுபிடித்துவிடும். சுமார் 15 சென்டிமீட்டர் அகலமுள்ள மெல்லிய ஆடி ஒன்றின் முதுகில் 349 தள்ளுகோல்கள் இருக்கின்றன. அவை கணக்குப்படி ஆடியை மைக்ரான் அளவில் முன்னும் பின்னும் தள்ளுகின்றன. ஆடி அந்த எதிர்வடிவத்தை எடுத்ததும் அதில் பட்டுத் திரும்பும் ஒளி நேராகிவிடுகிறது. அதற்குள் காற்று மாறியிருக்கும். மறுபடி அளவு, மறுபடி கணக்கு, மறுபடி தள்ளல். விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை, விடிய விடிய. தகவமை ஒளியியல் என்பது இதுதான்.

ஆனால் இப்படி அளப்பதற்கு, பார்க்கும் பொருளின் பக்கத்திலேயே பிரகாசமான ஒரு நட்சத்திரம் வேண்டும். வானத்தில் மிகச் சிறிய பகுதியில்தான் அந்த வசதி உண்டு. கேலக்ஸிகளை ஆராய்கிறவர்கள் பாடு இதில் மிகவும் மோசம். தனக்கு வேண்டிய கேலக்ஸியை விட்டுவிட்டு, நல்ல நட்சத்திரம் பக்கத்தில் வாய்த்த கேலக்ஸியைப் பார்க்கவேண்டிய நிலைமை. இங்கேதான் கிளேர் மாக்ஸ் வருகிறார்.

1946இல் பாஸ்டனில் பிறந்தவர். ஹார்வர்டில் படித்து, 1972இல் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்று, கலிஃபோர்னியாவின் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் பிளாஸ்மா இயற்பியலாளராகச் சேர்ந்தார். அணு ஆயுத ஆராய்ச்சிக்காகத் தொடங்கப்பட்ட ஆய்வகம் அது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு ஆலோசனை சொல்லிவந்த ஜேசன் என்ற விஞ்ஞானிகள் குழுவில் இடம்பெற்ற முதல் பெண்ணும் அவரே. 1982 கோடையில் அந்தக் குழுவில் வில்லியம் ஹேப்பர் ஒரு யோசனை சொன்னார். எரிந்து உதிரும் விண்கற்கள் விட்டுச்செல்லும் சோடியம் அணுக்கள் சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு படலமாக மிதக்கின்றன. சரியான மஞ்சள் நிற லேசரை மேலே செலுத்தினால் அவை ஒளிரும். வேண்டிய இடத்தில் ஒரு செயற்கை நட்சத்திரம் கிடைத்துவிடும்!

எவ்வளவு அழகான யோசனை! அதைப் பூட்டி வைத்தார்கள். எதிரி நாட்டுச் செயற்கைக்கோள்களைத் துல்லியமாகப் படமெடுக்க உதவும் என்பதால் ராணுவ ரகசியமாக்கினார்கள். 1985இல் ஃபுவா, லாபேரி என்ற இரு பிரெஞ்சு வானியலாளர்கள் லேசர் நட்சத்திர யோசனையைத் தாங்களாகவே கண்டடைந்து வெளிப்படையாக எழுதினார்கள். 1991இல்தான் அமெரிக்கா ரகசியத்தை விலக்கிக்கொண்டது. சோடியம் படலக் கணக்குகள் ஹேப்பர், மெக்டொனால்ட், மாக்ஸ், டைசன் ஆகிய நால்வர் பெயரில் ஆய்விதழில் வந்தபோது 1994 ஆகிவிட்டது. வானத்தைப் பார்க்க உதவும் ஒரு வழி இத்தனை ஆண்டுகள் அலமாரிக்குள் கிடந்ததை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை. அந்தக் காலத்து மாணவர்கள் எத்தனை பேர் மங்கலான படத்தை வைத்துக்கொண்டு மல்லாடியிருப்பார்கள்!

பூட்டு திறந்ததும் மாக்ஸ் வேகமாக இறங்கினார். லிவர்மோர் குழு, லிக் வானாய்வகத்தின் 3 மீட்டர் ஷேன் தொலைநோக்கியில் சோடியம் லேசரைப் பொருத்தியது. படம் தெளிவாகிறது என்பதைக் காட்டும் முடிவுகள் 1997இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தன. 2004இல் கெக்கிலும் லேசர் நட்சத்திரம் ஆய்வுப் பணிக்கு வந்தது. ஆரம்ப ஆண்டுகளில், லேசர் எரியும் இரவுகளில் விமானம் வருகிறதா என்று பார்க்கவே ஆட்களை வெளியே நிறுத்தினார்கள். காற்று மெலிந்த, உறைய வைக்கும் குளிரில் அண்ணாந்து பார்த்தபடி நிற்கவேண்டும். விமானம் நெருங்கினால் உடனே லேசரை மூடவேண்டும். அந்த இரவுகளில் எடுத்த படங்களின் கீழே இவர்கள் பெயர் எங்கும் கிடையாது.

இப்போது நடுப்பக்கப் படத்துக்கு வருவோம். என்ஜிசி 6240இல் இரண்டு கருந்துளைகள் இருப்பதை 2002இல் சந்திரா எக்ஸ்ரே விண்கலம் காட்டியது. இரண்டுக்கும் இடையே சுமார் 3,000 ஒளியாண்டு. ஆனால் மோதலில் கிளம்பிய தூசிக்கு நடுவே அவை சரியாக எந்த இடத்தில் இருக்கின்றன, சுற்றிலும் என்ன இருக்கிறது என்பது தெரியவில்லை. அகச்சிவப்பு ஒளி தூசியை ஊடுருவி வரும். கெக்கின் தகவமை ஒளியியல் எடுத்த அகச்சிவப்புப் படங்களை ஹப்பிள் படத்தோடும், ரேடியோ, எக்ஸ்ரே அளவீடுகளோடும் மாக்ஸும் சக ஆய்வாளர்களும் பொறுமையாகப் பொருத்திப் பார்த்தார்கள். 2007இல் விடை வந்தது. ஒவ்வொரு கருந்துளையும், சுழலும் விண்மீன் தட்டு ஒன்றின் மையத்தில் இருக்கிறது. சுற்றிலும் இளம் நட்சத்திரக் கொத்துகள். நீங்கள் பார்த்த பொடிப் புள்ளிகளில் பல அந்தக் கொத்துகள்தான், மோதலில் புதிதாகப் பிறந்தவை. கேலக்ஸிகள் ஒன்றையொன்று விழுங்கி வளரும்போது அவற்றின் கருந்துளைகளுக்கு என்ன ஆகிறது என்ற கேள்விக்கு இது நேரடிச் சாட்சி.

இதே நுட்பம் மனிதக் கண்ணுக்குள்ளும் போயிருக்கிறது. நம் கண்ணின் வில்லையும் விழிவெண்படலமும் குறையில்லாதவை அல்ல. அவையும் ஒளியைக் கொஞ்சம் கசக்கும். ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேவிட் வில்லியம்ஸ் குழு, வளையும் ஆடியைக் கொண்டு அதைச் சரிசெய்து, உயிருள்ள மனிதரின் விழித்திரையில் கூம்புச் செல்களைத் தனித்தனியாகப் படமெடுத்தது. அது 1997இல். கேலக்ஸி பார்ப்பவர்களும் கண் பார்ப்பவர்களும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்து வேலை செய்யட்டும் என்று 1999இல் சாண்டா குரூஸில் தகவமை ஒளியியல் மையம் தொடங்கப்பட்டது. கெக்கை வடிவமைத்த ஜெர்ரி நெல்சன் முதல் இயக்குநர். 2007இல் அந்தப் பொறுப்பு மாக்ஸிடம் வந்தது. கண்நோய்களை ஆராய்கிறவர்கள் கையில் இன்று தகவமை ஒளியியல் அன்றாடக் கருவி.

2020இல் ஆண்ட்ரியா கெஸ், ரைன்ஹார்ட் கென்செல் இருவரும் நம் பால்வெளியின் மையத்தில் இருக்கும் கருந்துளைக்காக நோபல் பரிசில் பாதியைப் பகிர்ந்துகொண்டது நினைவிருக்கும். 16 ஆண்டுக்கு ஒருமுறை அதைச் சுற்றிவரும் ஒரு நட்சத்திரத்தை விடாமல் பின்தொடர்ந்து, அந்தக் கருந்துளை சூரியனைப் போல் 40 லட்சம் மடங்கு நிறை கொண்டது என்று அறிந்தார்கள். தகுதியான பரிசு. அந்தப் பின்தொடரலைக் கூர்மையாக்கியதும் இந்த வளையும் ஆடிதான். கண்டுபிடித்தவர் பெயர் பாடப்புத்தகத்துக்குப் போகிறது; கண்டுபிடிக்கக் கருவி கொடுத்தவர் பெயர் பெரும்பாலும் போவதில்லை. இரண்டையும் ஒருவரே செய்த மாக்ஸை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மவுனா கேயா, ஹவாயின் பூர்வகுடி மக்களுக்குப் புனித மலை. அங்கே 30 மீட்டர் தொலைநோக்கி கட்டுவதை எதிர்த்து 2019இல் மலைச்சாலையில் அமர்ந்த முதியவர்கள் கைதானார்கள், கட்டுமானம் தொடங்கவில்லை. அந்தத் திட்டத்தில் இந்தியாவும் பங்காளி. ஆடித் துண்டுகளில் ஒரு பகுதியை மெருகேற்றும் கூடம் பெங்களூரை அடுத்த ஹொசக்கோட்டேயில் இருக்கிறது. ஆடி எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்த மக்களின் சம்மதம் இல்லாமல் அந்த மலையில் அதை வைக்கக் கூடாது என்பது என் கருத்து.

நிறைவாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆடி மெருகேற்றுகிறவர், நுண்ணோக்கி பழுதுபார்க்கிறவர், கல்லூரி ஆய்வகத்துக்குக் கண்ணாடிக் குழாய் ஊதித் தருகிறவர், வில்லை தேய்க்கிறவர் என்று அறிவியலுக்குக் கருவி செய்துதரும் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். பெயர், ஊர், செய்யும் வேலை மூன்றும் போதும். அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கடிதம் வந்து சேரட்டும். அவர்கள் சம்மதித்தால் எங்கள் நிருபர்கள் நேரில் போய்ப் பேசுவார்கள். ஒரு சிறப்பிதழே கொண்டுவர எண்ணியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்