அரைக்கிணறு தாண்டும் இசை

சனிக்கிழமை மாலை. கிள்ளானிலோ ஈப்போவிலோ கடைவரிசை ஒன்றின் மாடியில், மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் பயிற்சி அறை. இளைஞர் நால்வர் உள்ளே நுழைகின்றனர். ஒருவன் கித்தாரில் ஏதோ ஒரு துணுக்கை மீட்டுகிறான். மற்றொருவன் பேஸ் கித்தாரில் அதனைப் பின்தொடர்கிறான். டிரம்ஸ் சேர்ந்துகொள்கிறது. இருபது நிமிடம் அறையே அதிர்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து மகிழ்கின்றனர். ஒருவன் அதனைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்கிறான். வாடகை நேரம் முடிகிறது. கீழே உள்ள உணவுக்கடையில் தே தாரிக் அருந்திவிட்டுக் கலைகின்றனர். அடுத்த சனிக்கிழமை வேறொரு துணுக்கு. ஓராண்டு கழிந்தபின் எண்ணிப் பார்த்தால், கைப்பேசியில் துணுக்குகள் நூறு இருக்கும். பாடல் ஒன்றேனும் இராது.

இவ்வாறு கூடி வாசிப்பதை ஜாமிங் என்றும், மீண்டும் மீண்டும் வரும் அச்சிறு துணுக்கை ரிஃப் என்றும் இளைஞர் அழைக்கின்றனர். இதனைப் பற்றி இருவேறு தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன. 'வெறும் இரைச்சல், நேரக்கேடு' என்பது பெரியவர் பலரின் தீர்ப்பு. 'இதுவே படைப்பு, இதற்கு மேல் என்ன வேண்டும்?' என்பது இளைஞரின் தீர்ப்பு. இவ்விரண்டும் தவறானவை. துணுக்கு இரைச்சலும் அன்று, பாடலும் அன்று. அது விதை. விதையைப் பழிப்பவன் உழவை அறியான். விதையையே விளைச்சல் என்று கொண்டாடுபவன் பசியை அறியான்.

பாட்டு தானே வரவேண்டும், அதனை உட்கார்ந்து செய்ய முற்பட்டால் உயிர் போய்விடும் என்று ஒரு வாதம் இளைஞரிடையே வலுவாக நிலவுகிறது. கேட்பதற்கு இனிய வாதந்தான். ஆயின் உண்மை வேறு. அவ்விளைஞர் எந்தக் குழுக்களின் படங்களை அறைச்சுவரில் ஒட்டி வைத்துள்ளனரோ, அக்குழுக்களின் வரலாறே இவ்வாதத்தைப் பொய்யாக்குகிறது.

1971 டிசம்பர் 4 அன்று சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரூ நகரில், ஃபிராங்க் ஜாப்பாவின் இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, ஏரிக்கரையிலிருந்த சூதாட்ட மாளிகை தீப்பற்றி எரிந்தது. அம்மாளிகையில் இசைத்தட்டுப் பதிவு செய்ய வந்திருந்த டீப் பர்ப்பிள் குழுவினர், ஏரிநீரின்மேல் புகை பரவுவதைக் கண்டனர். வேறோர் அரங்கிற்குச் சென்ற அவர்கள், ரிச்சி பிளாக்மோர் மீட்டிய எளியதொரு துணுக்கை வைத்து இசைப்பகுதியைப் பதிவு செய்தனர். அப்பொழுது அதற்குச் சொல்லும் இல்லை. நிலைத்த பெயரும் இல்லை. பின்னரே ரோஜர் குளோவருக்குத் தலைப்புத் தோன்றியது. கண்ணால் கண்ட தீயின் கதை வரிகளாயிற்று. 1972இல் வெளிவந்த இசைத்தட்டில் அது 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' என்னும் பாடலாக நின்றது. இன்று உலகெங்கும் கித்தார் கற்கத் தொடங்கும் பிள்ளைகள் முதலில் தேடுவனவற்றுள் அத்துணுக்கும் ஒன்று. அது வாழ்வதற்குக் காரணம் துணுக்கு மட்டுமன்று. அதற்கு ஒரு கதையும் ஒரு முடிவும் கிட்டியமையே ஆகும்.

பீட்டில்ஸ் குழுவின் 'கெட் பேக்' பிறந்த விதம் இன்னும் தெளிவான பாடம். 1969 ஜனவரித் தொடக்கத்தில், லண்டனின் டுவிக்கன்ஹாம் படப்பிடிப்பு நிலையத்தில், பால் மெக்கார்ட்னி தம் பேஸ் கித்தாரை அடித்து வாசித்தவாறே பொருளற்ற ஒலிகளை முணுமுணுக்கத் தொடங்கினார். அக்காட்சி படமாக்கப்பட்டது, 2021இல் பீட்டர் ஜாக்சன் தொகுத்த ஆவணப்படத்தில் எவரும் அதனைக் காணலாம். இளைஞர் பலர் அந்தச் சில நிமிடங்களை மட்டும் கண்டு வியக்கின்றனர். அடுத்து வந்த நாள்களில் நடந்ததை அன்றோ அவர்கள் காண வேண்டும்! வரிகள் எழுதப்பட்டன, நீக்கப்பட்டன, வேறு வரிகள் வந்தன. ஒரே பகுதி சலிக்கச் சலிக்க வாசிக்கப்பட்டது. பில்லி பிரெஸ்டன் விசைப்பலகையோடு வந்து சேர்ந்தார். அம்மாதம் 30ஆம் நாள் கட்டடத்தின் கூரைமேல் அப்பாடல் முழுமையாக ஒலித்தது. தோன்றியது சில நிமிடத்தில். முடிந்தது மூன்று வாரத்தில். முன்னதை அருள் என்று சொல்லிக்கொள்ளலாம், பின்னது உழைப்பு. பின்னது இல்லையேல் முன்னதை எவரும் அறிந்திருக்கமாட்டார்.

இனி, இளைஞர் முடிக்காமல் விடுவதற்கு உண்மையான காரணம் யாது? திறமைக் குறைவு அன்று, அச்சமே. முடிக்கப்படாத துணுக்கை எவரும் குறைகூற முடியாது. 'இன்னும் முடியவில்லை' என்னும் இரண்டு சொற்கள் அதற்குக் கேடயமாகின்றன. முடிந்த பாடலோ கேட்பவர்முன் வெறுங்கையோடு நிற்கிறது. நன்று எனலாம், தீது எனலாம், கேட்காமலே எழுந்தும் போகலாம். அந்தத் தீர்ப்புக்கு அஞ்சியே இளைஞர் அடுத்த துணுக்கிற்குத் தாவுகின்றனர். ஆரம்ப சூரத்தனம் என்று முன்னோர் இதற்குப் பெயரிட்டனர். அரைக்கிணறு தாண்டுபவன் முழுக்கிணற்றில்தான் விழுகிறான்.

'இசையிலக்கணம் தெரியாதே, எப்படி முடிப்பது?' என்னும் வினா எழலாம். வழி இருக்கிறது, அது கடினமும் அன்று. நூறு துணுக்குகளையும் மறுநாள் அமைதியாகக் கேட்டு, ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ள வேண்டும். மற்றத் தொண்ணூற்றொன்பதையும் அப்பாடல் முடியும்வரை மறந்துவிட வேண்டும். தேர்ந்த துணுக்கு எத்தனை எண்ணிக்கையில் சுழல்கிறது என்று கைதட்டி எண்ண வேண்டும். நான்கு நான்காக இரு முறை வருமாயின், அது ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையோடு பொருந்துவதைத் தமிழ் மாணவர் உடனே உணர்வர்.

அடுத்தது மாற்றம். ஒரே துணுக்கு ஐந்து நிமிடம் ஓடினால் அது பாடலாகாது. செக்கு சுற்றுவதாகவே முடியும். துணுக்கு பரபரப்பானதாயின் அடுத்த பகுதி அடங்கியதாக இருக்கட்டும். துணுக்கு தாழ்ந்த சுரங்களில் இயங்கினால் அடுத்த பகுதி மேலே எழட்டும். இதற்கு மேல்நாட்டு நூல்களைத் தேடியலைய வேண்டுவதில்லை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்பு இதனையே செய்கிறது. பல்லவி கருத்தை நாட்டுகிறது, அனுபல்லவி அதனை உயர்த்துகிறது, சரணம் விரிக்கிறது, மீண்டும் பல்லவிக்கு வரும்போது வீடு திரும்பிய நிறைவு உண்டாகிறது. சீர்காழி முத்துத்தாண்டவர் காலந்தொட்டுத் தமிழ் இசையில் வேரூன்றிய இவ்வமைப்பைக் கித்தார் ஏந்திய இளைஞனுக்கு எடுத்துக் கூறாதது யார் குற்றம்?

மூன்றாவது, குரலுக்கு வழிவிடுதல். தொடக்கநிலைக் குழுக்கள் பெரும்பாலும் இங்கேதான் இடறுகின்றன. கித்தார்காரன் தன் விரலுக்கு வசதியான சுருதியில் வாசிக்கிறான். பாடுபவன் எட்டாத கட்டையில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறான். சுருதியைத் தீர்மானிக்க வேண்டியது பாடுபவனின் தொண்டையே. சொல் ஒலிக்கும்போது துணுக்கு அடங்க வேண்டும். சொல் நிற்கும் இடைவெளியில் துணுக்கு பேச வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் எவர் பேச்சும் கேளாது என்பது வகுப்பறை அறிந்த உண்மையன்றோ?

நான்காவது, சொல். இங்கே தமிழாசிரியரின் கடமை தொடங்குகிறது. மெட்டுக்குப் பாட்டெழுதுவோர் தத்தகாரம் என்னும் ஒலிக்கோவையைத் துணையாகக் கொள்கின்றனர். அருணகிரிநாதரின் திருப்புகழில் ஒவ்வொரு பாட்டும் தனக்கெனக் குறித்த சந்தத்தில் நடக்கிறது. குறில் ஒன்று, நெடில் இரண்டு, ஒற்றடுத்த குறில் இரண்டு என்று எண்ணிப் பழகிய மாணவனுக்கு எட்டு எண்ணிக்கைத் துணுக்கைத் 'தந்தன தானன' என்று எழுதிக் காட்டினால் போதும். 'அன்றொரு காடிது, இன்றொரு வீடிது' என்று அவனே பொருத்திவிடுவான். தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்யப்பட்டுத் தேர்வு முடிந்ததும் மறக்கப்படும் யாப்பு, அன்று முதல் அவனுடைய கருவியாகிறது. நேர், நிரை என்று கரும்பலகையில் எழுதி அழிப்பதோடு தம் பணி முடிந்தது எனக் கருதும் ஆசிரியர், கையிலிருக்கும் விளக்கை மூடிவைத்துவிட்டு இருளைப் பழிப்பவர் ஆவார்.

ஐந்தாவது, நாள் குறித்தல். இந்நாளில் இன்னார் முன்னிலையில் இப்பாடலைப் பாடுவோம் என்று உறுதி செய்யாத குழு ஒருபோதும் முடிக்காது. கூரைமேல் ஏறும் நாள் ஒன்று எல்லாக் குழுவுக்கும் வேண்டும்.

'யாருடைய பாட்டு இது?' என்னும் சண்டையால் பிரிந்த குழுக்களும் உண்டு. அதற்கும் முன்மாதிரி உளது. 1981இல் குயின் குழுவினரும் டேவிட் போவியும் மோன்ட்ரூவில் கூடி வாசித்தபோது உருவான 'அண்டர் பிரஷர்' பாடலுக்கு ஐவர் பெயரும் படைப்பாளர் பெயராக இடப்பட்டது. ஜான் டீக்கனின் பேஸ் துணுக்கே அதன் அடையாளம் எனினும், பாடல் ஐவருக்கும் உரியதாயிற்று. தொடங்கும் முன்னரே இவ்வாறு பேசி முடிவு செய்துகொள்ளும் குழு, முடித்த பின் சண்டையிடாது.

இவ்வளவும் இளைஞர் கேட்க வேண்டியவை. பள்ளிகள் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பள்ளி விழாக்களில் பிள்ளைகள் பாடுகின்றனர், ஆடுகின்றனர். அவற்றுள் பெரும்பாலானவை சென்னையில் பிறந்த திரைப்பாடல்கள். யார் குரலை எவ்வளவு நன்றாகப் போலச் செய்தான் என்பதற்கே கைதட்டலும் கோப்பையும் கிடைக்கின்றன. பத்து வயதுவரை பிறர் பாட்டைப் பாடியதற்கே பரிசு பெற்ற பிள்ளை, இருபது வயதில் தன் பாட்டை முடிக்கத் துணியவில்லை என்றால் அதில் வியப்பென்ன? அவனுக்கு அத்துணிவை எவரும் கற்பிக்கவில்லை. திரைப்பாடல் தீது என்பது வாதமன்று. அது ஒன்றே உண்டு என்று பிள்ளை எண்ணும்படி விடுவதே தீது.

இந்நாட்டுத் தமிழர் வாழ்வில் சென்னைத் திரைப்பாடல் சொல்லாத கதைகள் பல. பால்மரக் காட்டில் விடியுமுன் எழுந்த பாட்டியின் கதை, தோட்டம் துண்டாடப்பட்டபின் நகரத்து அடுக்குமாடி வீட்டில் குடியேறிய குடும்பத்தின் கதை, உறுமி அடித்தபடி கோயில் ஊர்வலத்தில் நடந்த இளைஞனின் கதை ஆகியவற்றை யார் பாடுவார்? இம்மண்ணின் இளைஞரால் இயலும் என்பதற்குச் சான்றும் உண்டு. பினாங்கிலிருந்து எழுந்த அலிகேட்ஸ் குழுவில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆகிய தமிழ் உடன்பிறந்தார் மலாய்ப் பாடல்களால் நாடறிந்த புகழ் பெற்றனர். 2006இல் யோகி பி குழுவினரின் 'வல்லவன்' இசைத்தொகுப்பு, மலேசியத் தமிழ் ராப் இசையைத் தமிழகமும் கேட்கச் செய்தது. முடித்துக் காட்டியவர்களையே நாடு நினைக்கிறது.

ஆகவே, ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் மாணவர் தாமே இயற்றிய பாடலுக்கு மேடை தரட்டும். இசை ஆசிரியர் தாளத்தைப் பார்க்கட்டும். தமிழாசிரியர் சந்தத்தைப் பார்க்கட்டும். பாடல் எளியதாக இருக்கலாம்; குறையுள்ளதாகவும் இருக்கலாம். முதலும் நடுவும் முடிவும் உடையதாக இருந்தால் போதும். முதற்பாடலை முடித்தவனுக்கு இரண்டாம் பாடலில் எங்கே திருத்த வேண்டும் என்பது தெரியும். நூறு துணுக்குகளை வைத்திருப்பவனுக்கு அது என்றும் தெரியப்போவதில்லை.

கைப்பேசி ஒருநாள் பழுதாகும், தொலையும். அதற்குள் உறங்கும் நூறு துணுக்குகளும் அன்றோடு மறையும். ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்குச் சென்றுவிட்ட பாடலோ மறையாது. வரும் சனிக்கிழமை அந்த மாடி அறைக்குள் நுழையும் நால்வரும் புதிய துணுக்கு ஒன்றைத் தேடாமல், பழைய துணுக்கு ஒன்றை முடித்துவிட்டு வெளியே வரட்டும்.