‘எங்கள் படைப்புகள்’ என்னும் பொய்

வடிவமைப்பகங்கள் தம் கால் நூற்றாண்டுப் பணியைத் திரும்பிப் பார்த்துத் தொகுக்கும்போது முதலில் வந்து நிற்கும் சொல் ‘எங்கள்’. எங்கள் இலச்சினைகள், எங்கள் அட்டைகள், எங்கள் சுவரொட்டிகள். வரைந்த கையும், அச்சடித்த கையும், உருவங்களை ஈந்த சமூகமும் அந்த ஒரு சொல்லில் கரைந்துபோகின்றன. தொழில் மரபே இதுதான் என்று வாதிடுவோருக்கான மறுப்பு சென்னையிலேயே இருக்கிறது.

1994இல் கீதா வுல்ஃப் தொடங்கிய தாரா புக்ஸ், 2006இல் ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ நூலை வெளியிட்டது. கறுப்புத் தாளில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனித் திரையில் கையால் அச்சிட்டு, கையால் தைத்து, பிரதிதோறும் எண்ணிட்ட நூல் அது. அட்டையில் இருப்பது ‘கோண்டு கலை’ என்ற பொதுப்பெயர் அன்று. பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி என்ற மூன்று ஓவியர்களின் பெயர்கள். 2004இல் வந்த ‘தி லண்டன் ஜங்கிள் புக்’ இன்னும் ஒரு படி மேலே சென்றது. லண்டன் உணவகமொன்றின் சுவர்களில் வரையப் போன பஜ்ஜு, பிக் பென் கடிகாரத்தைச் சேவலாகவும் சுரங்க ரயிலை மண்புழுவாகவும் கண்டார். வெரியர் எல்வின் போன்றோர் கோண்டுகளைப் பார்த்து எழுதிய காலம் போய், கோண்டு ஒருவர் லண்டனைப் பார்த்து எழுதினார்.

இது வெறும் மரியாதை சார்ந்த விவகாரமன்று. இம்மரபின் முன்னோடியும் பஜ்ஜுவின் உறவினருமான ஜன்கர் சிங் ஷ்யாம், போபால் பாரத் பவனின் வழியே உலகப் புகழ் பெற்றவர். 2001இல் ஜப்பானிய அருங்காட்சியகமொன்றில் ஓவியம் வரையச் சென்ற இடத்தில் இறந்தார். ஓவியத்துக்கு உலகச் சந்தை கிடைப்பதும் ஓவியருக்குப் பாதுகாப்புக் கிடைப்பதும் ஒன்றல்ல.

கையால் அச்சிட்ட நூலின் விலை ஏழை மாணவருக்கு எட்டாது என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆனால் பெயரை அச்சிடுவதால் மட்டும் எந்த நூலின் விலையும் ஏறிவிடாது.

அகளியை எடுத்துக்கொள்வோம். இருளர், முடுகர், குறும்பர் வாழும் அட்டப்பாடியில் தமிழும் மலையாளமும் கலந்து புழங்குகின்றன. ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் பாடிய இருளர் பாடகி நஞ்சியம்மாவுக்கு 2022இல் தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது, அவருடைய இசைத் தகுதியைக் கேள்விக்குட்படுத்திய குரல்களும் எழுந்தன. இருந்தும் அவருடைய பெயரை எவராலும் அழிக்க முடியவில்லை. பாடலுக்குப் பாடகர் பெயரிடும் வழக்கம் திரைத்துறையில் வேரூன்றியிருந்ததே காரணம். வடிவமைப்புத் துறையில் அவ்வழக்கம் இல்லை. ‘பழங்குடி பாணி’ என்று குறிப்பிட்டுவிட்டு ஓர் ஊரின் கோடுகளை எடுத்துக்கொண்டால் கேட்பாரில்லை. இத்தகைய தொகுப்புகளை ஆய்வேடுகளில் சான்றாகக் காட்டும் ஆய்வாளர்களும், அந்தக் கோடுகளை இட்டவர் யார் என்ற கேள்வியை அடிக்குறிப்பில்கூட எழுப்புவதில்லை.