முதுகு ஊசிக்கு முன் மூன்று கேள்விகள்

காலை நிகழ்ச்சி முடிந்த பிறகும் சில அழைப்புகள் நீளும். போன வாரம் பீடோங்கிலிருந்து ஓர் அக்கா. “தம்பி, வீட்டுக்காரருக்கு ஜவ்வு விலகிடுச்சாம். முதுகுல ஊசி போட்டா சரியாயிடும்னு சொல்றாங்க. ஆயிரக்கணக்குல வெள்ளி ஆகுமாம். போடலாமா?” அவர் கணவர் இருபது வருஷம் பால்மரம் வெட்டியவர், பிறகு செம்பனைக் குலை தூக்கியவர்.

நான் மருத்துவர் இல்லை. போடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தேடிப் படித்துச் சொல்லலாம் அல்லவா? சுங்கைப்பட்டாணி, கூலிம், பாலிங் பக்கம் முதுகுவலி இல்லாத தோட்டத்து வீடு ஏது?

முதல் கேள்வி: “டாக்டர், இது வலியைக் கண்டுபிடிக்கும் ஊசியா, குறைக்கும் ஊசியா?”

இரண்டும் வேறு. கண்டுபிடிக்கும் ஊசிக்கு டிஸ்கோகிராம் என்று பெயர். நோயாளி விழித்திருக்கும்போதே, எக்ஸ்ரே பார்த்தபடி ஜவ்வுக்குள் ஊசியைச் செலுத்தி, சாயம் ஏற்றுவார்கள். “உங்கள் வழக்கமான வலி இதுதானா?” என்று கேட்பார்கள். எம்ஆர்ஐ படம் மட்டும் பதில் சொல்லிவிடாது என்பதால் இந்தப் பரிசோதனையைச் செய்கிறார்கள். வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வு வந்தது. அதன்படி 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது.

ஆனால் அந்த ஊசிக்கும் ஒரு விலை உண்டு. 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, டிஸ்கோகிராம் செய்தவர்களைப் பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தது. ஊசி குத்திய ஜவ்வுகளில் 35 விழுக்காடு மேலும் தேய்ந்திருந்தன. ஊசி போடாதவர்களிடம் அது 14 விழுக்காடுதான்.

இரண்டாவது கேள்வி: “எனக்கு இருக்கும் வலிக்கு இது பொருந்துமா?”

குறைக்கும் ஊசி பெரும்பாலும் ஜவ்வுக்குள் போவதில்லை. நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தும் ஸ்டிராய்டும் செலுத்துவார்கள். வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்குகிறதா, முதுகோடு நிற்கிறதா என்பது இங்கே முக்கியம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் கொடுத்த வழிகாட்டலில், புதிதாக வந்த கடுமையான கால் நரம்பு வலிக்கு இந்த ஊசியைப் பரிசீலிக்கலாம் என்றது. வெறும் முதுகுவலிக்கு வேண்டாம் என்றது. 2025இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த வழிகாட்டல் இன்னும் கறாரானது. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த வலிக்கு, கால் வரை இறங்கினாலும், இவை வேண்டாம் என்கிறது. எல்லா வலி நிபுணர்களும் இதை ஏற்கவில்லை. அதனால்தான் உங்கள் மருத்துவரிடம் காரணம் கேட்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: “என் உடம்புக்கு இதில் என்ன ஆபத்து?”

ஸ்டிராய்டு சில நாட்களுக்கு இரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். இனிப்புநீர் உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களும் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

பெரிய நம்பிக்கையோடு வந்த ஊசியும் காணாமல் போயிருக்கிறது. பப்பாளிக் காயைக் கீறி எடுக்கும் பாலிலிருந்து கைமோபாப்பைன் என்ற மருந்து செய்தார்கள். கீறிப் பால் எடுப்பது நம் தோட்டத்து ஆட்களுக்குப் புதிதா என்ன? 1960களில் லைமன் ஸ்மித் என்ற அமெரிக்க மருத்துவர் அதை மனிதர்களின் ஜவ்வுக்குள் செலுத்தினார். 1982இல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. பலருக்குக் குணம் தெரிந்தது. சிலருக்கோ உயிரைப் பறிக்கும் ஒவ்வாமையும் தண்டுவடப் பாதிப்பும் வந்தன. 2003இல் அங்கே விற்பனை நின்றது.

பணம் கட்டுவதற்கு முன், அரசு மருத்துவமனையில் எலும்புப் பிரிவையோ வலி நிவாரண கிளினிக்கையோ பார்க்கக் கடிதம் கேளுங்கள். கிளினிக் கெசிஹாத்தான் மருத்துவரே எழுதித் தருவார். நடையும் உடற்பயிற்சியும் பிசியோதெரப்பியும் மெதுவாகத்தான் பலன் தரும். ஆனால் அவற்றுக்கு ஊசி தேவையில்லை.

ஒன்றுக்கு மட்டும் காத்திருக்காதீர்கள். சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்தால், தொடையிடுக்கு மரத்துப்போனால், கால் திடீரெனப் பலமிழந்தால், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.